ஒரே தரவுக்கு இரண்டு விடைகள்: மெட்டா பகுப்பாய்வு பற்றிய கட்டுரைக்கு ஒரு மறுமொழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே ஆய்வுத் தொகுப்பை இரண்டு புள்ளியியல் மென்பொருள்களில் இட்டபோது, ஒன்று மருந்தால் பயன் உண்டு என்றும் மற்றொன்று பயன் உறுதிப்படவில்லை என்றும் காட்டியதைச் சொல்லி, அதைக் கொண்டு, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் தொகுக்கும் மெட்டா பகுப்பாய்வு என்னும் முறையையே ஐயத்துக்குரியதாக்கிய கட்டுரையைத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் படித்தேன். உயிரிப்புள்ளியியல் கற்பிப்பதும், பிறர் செய்த மெட்டா பகுப்பாய்வுகளைச் சரிபார்ப்பதும் என் தொழில். கட்டுரையாளர் விவரித்தது அடிக்கடி நடப்பதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மென்பொருள்களில் ஒன்று தவறாகக் கணக்கிட்டிருக்க வேண்டும் என்று அவர் கொண்ட முடிவு ஏறத்தாழ எப்போதுமே பிழையானது என்பதால் இதை எழுதுகிறேன்.

மெட்டா பகுப்பாய்வின் அடிப்படைக் கணக்கு எளியது. ஒவ்வோர் ஆய்விலிருந்தும் விளைவின் அளவு ஒன்றும், அந்த அளவு எவ்வளவு துல்லியமற்றது என்பதைக் காட்டும் திட்டப்பிழை ஒன்றும் எடுக்கப்படுகின்றன. திட்டப்பிழையின் வர்க்கத்தைத் தலைகீழாக்கினால் அந்த ஆய்வின் எடை கிடைக்கிறது. எடையிட்ட சராசரியே இறுதி விடை. பத்து ஆய்வுகள் என்றால் இதைத் தாளும் பேனாவும் கொண்டு ஒரு மாலையில் செய்துவிடலாம். ரெவ்மேன், ஸ்டேட்டா, ஆர் மொழியின் மெட்டாஃபோர் தொகுப்பு ஆகிய மென்பொருள்களில் எதுவும் இந்தக் கூட்டல் பெருக்கலில் தடுமாறுவதில்லை. ஒரே எண்களைக் கொடுத்து ஒரே முறையைக் கேட்டால் பல தசம இடங்கள் வரை அவை ஒத்துப்போகும். எனவே விடைகள் மாறியிருந்தால், உள்ளே போன எண்கள் வேறாக இருக்க வேண்டும், அல்லது கேட்கப்பட்ட முறை வேறாக இருக்க வேண்டும். இரண்டாவதில் ஒரு சிக்கல் உண்டு: பயனர் எதையும் கேட்காமல் விட்டாலும், மென்பொருள் அவர் சார்பாக ஒரு முறையைத் தேர்ந்துகொள்கிறது, அதுவும் பெரும்பாலும் சத்தமில்லாமல்.

முதலில் உள்ளே போகும் எண்களைப் பார்ப்போம். என் அனுபவத்தில் பெரிய வேறுபாடுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன. ஓர் ஆய்வு இடர் விகிதம் (சிகிச்சைக் குழுவின் இடரை ஒப்பீட்டுக் குழுவின் இடரால் வகுத்தது) 0.75 என்றும், உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையைக் காட்டும் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 0.60 முதல் 0.94 வரை என்றும் அறிவித்திருப்பதாகக் கொள்வோம். விகிதங்களைத் தொகுப்பது மடக்கை அளவில்தான். ஆகவே 0.94, 0.60 ஆகியவற்றின் இயல் மடக்கைகளைக் கழித்து 3.92 ஆல் வகுக்க வேண்டும், திட்டப்பிழை 0.1145 எனக் கிடைக்கும். மடக்கை எடுக்க மறந்து நேரடியாகக் கழித்தால் 0.087 வரும். பார்வைக்குச் சிறிய வேறுபாடுதான். ஆனால் எடை என்பது வர்க்கத்தின் தலைகீழ் ஆதலால், அந்த ஆய்வு பெறவேண்டியதைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதல் எடையைப் பெற்றுவிடும். இன்னொரு மென்பொருள் அதே இடத்தில் திட்டப்பிழைக்குப் பதிலாகப் பரவற்படியை, அதாவது திட்டப்பிழையின் வர்க்கத்தை, எதிர்பார்க்கலாம். மெட்டாஃபோரில் இரண்டுக்கும் தனித்தனி உள்ளீடுகள் உள்ளன, 0.1145 என்ற எண்ணைப் பரவற்படிக்குரிய இடத்தில் இட்டால், உண்மையான திட்டப்பிழை 0.34 என்று நிரல் கருதிக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. எண் எண்ணாகவே இருக்கிறது, கணக்கும் சரியாகவே நடக்கிறது, விடை மட்டும் வேறு.

சிகிச்சைக் குழுவும் ஒப்பீட்டுக் குழுவும் இடம் மாறிப் பதிவாவது இன்னொரு வழக்கமான காரணம். இதைக் கண்டுபிடிப்பது எளிது, 0.75 என்ற விகிதம் 1.33 ஆகத் தலைகீழாகி நிற்கும். ஆனால் நிகழ்வு எது, நிகழாமை எது என்பது மாறிப்போனால் அவ்வளவு எளிதில் தெரியாது. நோயுற்றவர்களுக்கும் நோயுறாதவர்களுக்கும் உள்ள விகிதத்தை இரு குழுக்களில் ஒப்பிடும் ஆட்ஸ் விகிதம் அப்போதும் தலைகீழாகத்தான் மாறும். இடர் விகிதம் அப்படி மாறாது. ஒரு குழுவில் 100 பேரில் 10 பேரும் மற்றொன்றில் 100 பேரில் 20 பேரும் நோயுற்றால் இடர் விகிதம் 0.5. நோயுறாதவர்களை எண்ணினால் 90க்கு 80, அதாவது 1.125. இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு, இவை ஒரே அட்டவணையிலிருந்து வந்தவை என்று தோன்றவே தோன்றாது. விடுபட்ட மதிப்புள்ள ஆய்வை ஒரு நிரல் ஓசையின்றி நீக்கிவிட்டு மீதியைத் தொகுப்பதும், தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி உள்ள கோப்பைத் தவறாக வாசிப்பதும் உண்டு. ஆய்வுகளின் எண்ணிக்கை இரு வெளியீடுகளிலும் ஒன்றா என்பதை முதல் வேலையாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி முறைக்கு வருவோம். இதை விளக்க, உலகெங்கும் வகுப்பறைகளில் பயன்படும் பொதுத் தரவு ஒன்று உள்ளது: காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி பற்றிய 13 ஆய்வுகளின் தொகுப்பு. 1994இல் வெளியான ஒரு மெட்டா பகுப்பாய்விலிருந்து வந்த இத்தரவு, மெட்டாஃபோரின் பயிற்சிக் கையேட்டிலும் இடம்பெறுகிறது. இதே 13 வரிசைகளை, எல்லா ஆய்வுகளும் ஒரே உண்மை விளைவையே அளக்கின்றன என்று கொள்ளும் நிலை விளைவு மாதிரியில், தலைகீழ்ப் பரவற்படி எடையுடன் தொகுத்தால் இடர் விகிதம் 0.65. அதே நிலை விளைவு மாதிரியை, எடைகளை வேறு விதமாக அமைக்கும் மேன்டல்–ஹேன்சல் முறையில் கணக்கிட்டால் 0.64. ஆய்வுக்கு ஆய்வு உண்மை விளைவே மாறலாம் என்று கொள்ளும் சமவாய்ப்பு விளைவு மாதிரியில் 0.49. அதாவது ஒரு பட்டியலில் தடுப்பூசி காசநோயை 35 விழுக்காடு குறைக்கிறது, மற்றொன்றில் 51 விழுக்காடு.

எந்த மென்பொருளும் இங்கே தவறு செய்யவில்லை. வேறுபாட்டின் இருப்பிடத்தை ஒரே ஒரு வரிசையில் விரல் வைத்துக் காட்டலாம். அத்தொகுப்பில் மதராஸ் ஆய்வு என்று பதிவாகியிருப்பது மிகப் பெரியது. ஒவ்வொரு பக்கமும் 88,391 பேர், தடுப்பூசி பெற்றவர்களில் 505 பேருக்கும் பெறாதவர்களில் 499 பேருக்கும் காசநோய். பயன் ஏறத்தாழ ஏதுமில்லை. நிலை விளைவு மாதிரியில் அந்த ஓர் ஆய்வே மொத்த எடையில் 41 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு, விடையை 1ஐ நோக்கி இழுக்கிறது. சமவாய்ப்பு விளைவு மாதிரியில் ஆய்வுகளுக்கிடையிலான பரவற்படி எல்லா ஆய்வுகளோடும் சேர்க்கப்படுவதால், பெரிய ஆய்வின் மேலாதிக்கம் குறைந்து, அதன் எடை 10 விழுக்காடாகிவிடுகிறது. எடைப் பத்தியை (எடைகள் உள்ள நெடுவரிசையை) மட்டும் இரு வெளியீடுகளிலும் ஒப்பிட்டிருந்தால் கட்டுரையாளருக்கும் இது தெரிந்திருக்கும். ஆய்வுகளின் விளைவுகள் ஒத்திருந்து எடைகள் மட்டும் மாறினால், சிக்கல் தரவில் இல்லை, மாதிரியில் இருக்கிறது என்று அந்த நொடியே சொல்லிவிடலாம்.

இரண்டு மென்பொருள்களிலும் சமவாய்ப்பு விளைவு மாதிரியையே தேர்ந்திருந்தாலும் வேறுபாடு முற்றிலும் நீங்குவதில்லை. டௌ வர்க்கம் எனப்படும் ஆய்வுகளுக்கிடையிலான பரவற்படியை மதிப்பிடப் பல வழிகள் இருக்கின்றன. டெர்சிமோனியன்–லேர்டு முறை 1986இல் வந்தது; கையாலும் கணக்கிடக்கூடியது என்பதால் நீண்டகாலம் எல்லா இடத்திலும் அதுவே இயல்புத் தேர்வாக இருந்தது. ரெவ்மேனின் 5ஆம் பதிப்பு அதையே பயன்படுத்தியது. மெட்டாஃபோர் கட்டுறுத்திய மீப்பெரு வாய்ப்பு என்னும் வேறொரு மதிப்பீட்டு முறையை எடுத்துக்கொள்கிறது. 2019இல் ஸ்டேட்டாவின் 16ஆம் பதிப்பில் வந்த உள்ளமைந்த மெட்டா கட்டளைகளும் அதையே எடுக்கின்றன. ஆனால் அதே ஸ்டேட்டாவில் பயனர்கள் முன்பே எழுதி நெடுங்காலம் புழங்கிய கட்டளையின் இயல்புத் தேர்வு டெர்சிமோனியன்–லேர்டு. ஆர் மொழியின் மெட்டா தொகுப்போ தன் 5.0 பதிப்பில் இயல்புத் தேர்வை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டது. ஆகவே ஒரே மென்பொருள், ஒரே கட்டளை, ஒரே கோப்பு என்றிருந்தாலும் புதிய பதிப்பை நிறுவியதும் விடை சற்று நகரலாம். இதைக் கண்டு கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டதோ என்று அஞ்சிய மாணவர்கள் உண்டு.

பிசிஜி தரவில் இந்த வேறுபாடு மிகச் சிறியது: டெர்சிமோனியன்–லேர்டு முறையில் டௌ வர்க்கம் 0.3088, கட்டுறுத்திய மீப்பெரு வாய்ப்பு முறையில் 0.3132, இறுதி விகிதம் இரண்டிலும் 0.49. வேறு இரண்டு மதிப்பீட்டு முறைகளான ஹன்டர்–ஷ்மிட் முறையில் 0.2284, சிடிக்–ஜாங்க்மன் முறையில் 0.3455. ஆய்வுகள் 13 இருப்பதால் இறுதி விடை அவ்வளவாக ஆடவில்லை. நான்கைந்து ஆய்வுகளே இருக்கும் தொகுப்பில் ஒரு முறை டௌ வர்க்கத்தைச் சுழி என்று சொல்லி நிலை விளைவு மாதிரிக்கே திரும்பிவிடும், மற்றொன்று கணிசமான எண்ணைத் தரும். அங்கேதான் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தோன்றுகிறது.

தங்கள் கட்டுரையில் வந்த "பயன் உண்டு, உறுதிப்படவில்லை" என்னும் முரணுக்கு நான் முதலில் சந்தேகிப்பது வேறோர் இடத்தை. தொகுத்த விளைவு இரண்டிலும் ஒன்றாகவே இருந்து நம்பிக்கை இடைவெளி மட்டும் விரிந்திருந்தால், ஒரு மென்பொருளில் ஹார்ட்டங்–நாப் திருத்தம் இயங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். பழைய வழக்கம், திட்டப்பிழையை 1.96 ஆல் பெருக்கி இடைவெளியைப் போடுவது. இத்திருத்தம் திட்டப்பிழையையே வேறு விதமாக மதிப்பிட்டு, டி பரவலின் மதிப்பால் பெருக்குகிறது. மூன்று ஆய்வுகள் மட்டும் இருந்தால் அந்த மதிப்பு 4.303, ஐந்து இருந்தால் 2.776. மூன்று ஆய்வுகளின் இடைவெளி இருமடங்குக்கு மேல் விரிவதில் வியப்பில்லை. விந்தை என்னவென்றால், ஆய்வுகளின் விடைகள் தற்செயலாக மிக நெருக்கமாக அமைந்துவிட்டால், இதே திருத்தம் இடைவெளியைச் சுருக்கவும் செய்யலாம். அதைத் தடுக்கும் கூடுதல் நிபந்தனையைச் சில நிரல்கள் விருப்பத் தேர்வாக வைத்திருக்கின்றன. ஆக, இருவர் ஹார்ட்டங்–நாப் பயன்படுத்தினோம் என்று ஒரே வரியை எழுதியிருந்தாலும் இடைவெளிகள் மாறுவதற்கு இன்னும் இடம் இருக்கிறது.

ஆய்வுகளின் வேறுபாட்டை விழுக்காட்டில் சொல்லும் ஐ வர்க்கமும் இப்படித்தான். சில மென்பொருள்கள் அதை, ஆய்வுகளின் விடைகள் எவ்வளவு சிதறியுள்ளன என்று அளக்கும் காக்ரன் கியூ மதிப்பிலிருந்து நேரடியாகக் கணக்கிடுகின்றன. மெட்டாஃபோர் தான் மதிப்பிட்ட டௌ வர்க்கத்திலிருந்து கணக்கிடுகிறது. பிசிஜி தரவில் முன்னது 92.12 விழுக்காடு, பின்னது 92.22. வெளியீட்டு வரைபடத்தின் கீழே அச்சாகும் இந்த ஒரு சிறு எண் மாறியதால் முழுப் பகுப்பாய்வையும் சந்தேகிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; இதற்காக உறக்கம் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுக்கும் அளவையில், ஒன்று கோஹன் டி மதிப்பையும் மற்றொன்று சிறு மாதிரித் திருத்தம் செய்த ஹெட்ஜஸ் ஜி மதிப்பையும் தருவதும் இதே வகை. குழுவுக்குப் பத்துப் பேர் என்றால் திருத்தக் காரணி 0.958, அதனால் 0.80 என்பது 0.77 ஆகிவிடுகிறது. வெளியீட்டுச் சார்பை, அதாவது சாதகமான முடிவுகளே அதிகம் வெளியாவதை, சோதிக்கும் எக்கர் சோதனையில், 1997இல் முன்வைக்கப்பட்ட மூலவடிவத்தை ஒரு நிரலும், சமவாய்ப்பு விளைவுகள் கொண்ட வடிவத்தை இன்னொன்றும் இயல்பாக எடுப்பதால் பி மதிப்பு மாறும்.

அரிதான நிகழ்வுகளைப் பற்றி மட்டும் இவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. உண்மையான ஆபத்து அங்கே இருக்கிறது. சிகிச்சைக் குழுவில் 50 பேரில் ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை, ஒப்பீட்டுக் குழுவில் 50 பேரில் 4 பேருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்ஸ் விகிதம் சுழி. சுழிக்கு மடக்கை கிடையாது. ஏதாவது செய்தாக வேண்டும். அட்டவணையின் நான்கு கட்டங்களிலும் 0.5 கூட்டினால் விகிதம் 0.10. 0.01 கூட்டினால் 0.002. எதையும் கூட்டத் தேவையில்லாத பீட்டோ முறையில் 0.13. ஒரே ஆய்வு, நூறே பேர், ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம். இரு குழுவிலும் நிகழ்வே இல்லாத ஆய்வுகள் இதைவிடக் குழப்பமானவை: ஆட்ஸ் விகிதத்துக்குப் பெரும்பாலான நிரல்கள் அவற்றை விலக்கிவிடுகின்றன, இடர் வித்தியாசத்துக்குச் சேர்த்துக்கொள்கின்றன, பயனர் ஒரு விருப்பத்தை மாற்றினால் முன்னதிலும் திருத்தத்துடன் சேர்த்துக்கொள்கின்றன. மேன்டல்–ஹேன்சல் முறைக்குக் கூட்டுத்தொகையில் சுழி வராதவரை எந்தத் திருத்தமும் தேவையில்லை. ஆனாலும் சில நிரல்கள் பழக்கத்தால் 0.5ஐக் கூட்டிவிட்டே தொடங்குகின்றன.

இது ஏட்டுச் சிக்கல் அன்று. நீரிழிவு மருந்தான ரோசிக்ளிட்டசோன் பற்றி 2007இல் வெளியான மெட்டா பகுப்பாய்வை நினைவூட்டுகிறேன். 42 ஆய்வுகளை எடுத்துக்கொண்ட அது, பீட்டோ முறையில், மாரடைப்புக்கான ஆட்ஸ் விகிதம் 1.43 என்றும் நம்பிக்கை இடைவெளி 1.03 முதல் 1.98 வரை என்றும் அறிவித்தது. இதயநோய் மரணத்துக்கு 1.64, இடைவெளி 0.98 முதல் 2.74 வரை. ஒரு நிகழ்வும் இல்லாத ஆய்வுகள் பீட்டோ முறையில் தாமாகவே வெளியேறிவிடுவதால், மாரடைப்புக் கணக்கில் 38 ஆய்வுகளும் மரணக் கணக்கில் 23 ஆய்வுகளுமே பங்கேற்றன. அதே ஆண்டில் வந்த மறுபகுப்பாய்வு, விடுபட்ட ஆய்வுகளையும் சேர்த்து, வேறு திருத்தங்களைப் பயன்படுத்தி, விகிதங்கள் குறைவதையும், மாரடைப்புக்கான விகிதம் புள்ளியியல் முக்கியத்துவத்தை இழப்பதையும் காட்டியது. இரு தரப்பிலும் கணக்கு சரி. மருந்தின் எதிர்காலம் தொங்கிக்கொண்டிருந்தது சுழிகளை என்ன செய்வது என்ற கேள்வியில். எனக்குத் தனிப்பட்ட முறையில், இத்தகைய தரவில் ஒற்றை முறையின் விடையை மட்டும் அச்சிடுவதில் உடன்பாடு இல்லை. இரண்டு மூன்று முறைகளின் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதே நேர்மை.

விகிதாச்சாரங்களைத் தொகுப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நோய்ப் பரவல் விழுக்காடு போன்றவற்றுக்கு ஃபிரீமன்–டுக்கி உருமாற்றம் பரவலாகப் பயன்படுகிறது. உருமாற்றிய அளவில் தொகுத்தபின் விடையைப் பழைய அளவுக்குத் திருப்பிக் கொண்டுவர ஏதேனும் ஒரு மாதிரி அளவு தேவை. ஒரு நிரல் எல்லா ஆய்வுகளின் அளவுகளுக்கும் இசைச் சராசரியை (தலைகீழ்களின் சராசரியைத் தலைகீழாக்கியது) எடுக்கிறது, மற்றொன்று பரவற்படியின் தலைகீழை எடுக்கிறது. ஆய்வுகளின் அளவுகள் சில பத்துகளிலிருந்து பல ஆயிரங்கள் வரை விரிந்திருந்தால், முன்னதில் வரும் விடை பொருளற்றதாகவே ஆகிவிடலாம். ஆர் மொழியில் ஒன்றும் ஸ்டேட்டாவில் ஒன்றும் பார்த்துத் திகைப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இத்தனை காரணங்கள் இருக்கும்போது எங்கே தொடங்குவது என்ற கேள்வி எழும். இறுதி விடையிலிருந்து பின்னோக்கி ஊகிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. முதலில் இரு மென்பொருள்களிலும் ஒவ்வோர் ஆய்வின் விளைவையும் திட்டப்பிழையையும் தனித்தனியே எழுதி, வரிசை வரிசையாக ஒப்பிட வேண்டும். ஏதேனும் ஒரு வரிசை மாறியிருந்தால் தொகுப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குற்றவாளி அந்த வரிசையில் இருக்கிறார், பெரும்பாலும் ஒரு சுழியோடு அல்லது இடம் மாறிய ஒரு பத்தியோடு. வரிசைகள் எல்லாம் ஒத்திருந்தால், இரண்டிலும் தலைகீழ்ப் பரவற்படி எடையுள்ள நிலை விளைவு மாதிரியை ஓட்ட வேண்டும். இதில் மதிப்பிட வேண்டிய கூடுதல் எண் எதுவும் இல்லாததால் விடை கட்டாயம் ஒத்துப்போக வேண்டும். பிறகு சமவாய்ப்பு விளைவு மாதிரிக்கு மாறி, இரண்டிலும் டெர்சிமோனியன்–லேர்டு என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். ரெவ்மேனில் மேன்டல்–ஹேன்சலைத் தேர்ந்திருந்தால், டௌ வர்க்கத்துக்கான கியூ மதிப்பு அந்த முறையின் மையத்திலிருந்து கணக்கிடப்படுவதால் மூன்றாம் தசமத்தில் சிறு வேறுபாடு எஞ்சும்; தலைகீழ்ப் பரவற்படிக்கு மாற்றினால் அதுவும் மறையும். இடைவெளித் திருத்தங்களைக் கடைசியாக ஒவ்வொன்றாக இயக்கினால், எந்தப் படியில் விடைகள் பிரிகின்றன என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். மென்பொருளின் பழக்கத்தை அறிய விரும்புபவர்கள் தங்கள் தரவைத் தொடும் முன்பே பிசிஜி தரவை ஓட்டிப் பார்க்கலாம். அதன் விடைகள் மேலே உள்ளன.

காரணத்தைக் கண்டுபிடித்தபின் எந்த விடையை வெளியிடுவது என்பது மென்பொருள் தீர்க்கும் கேள்வி அன்று. ஆய்வுத் திட்டத்தில், தரவைப் பார்க்கும் முன்பு, எந்த முறை எழுதப்பட்டதோ அந்த விடையே முதன்மை. மற்றதை, முறையை மாற்றினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் உணர்திறன் பகுப்பாய்வாகச் சேர்க்கலாம். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, தமக்குச் சாதகமானதைத் தந்த மென்பொருளின் பெயரை மட்டும் கட்டுரையில் குறிப்பிடுவது முறைகேடு என்றே சொல்வேன், அப்படிச் செய்பவர்கள் அதை முறைகேடு என்று எண்ணாவிட்டாலும். "பகுப்பாய்வு ஸ்டேட்டாவில் செய்யப்பட்டது" என்ற ஒரு வரி இன்றும் பல ஆய்விதழ்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. மாதிரி எது, டௌ வர்க்கத்தின் மதிப்பீட்டு முறை எது, இடைவெளியின் முறை எது, சுழிகள் எப்படிக் கையாளப்பட்டன, பதிப்பு எண் என்ன என்பவை இல்லாமல் அந்த வரியால் எவருக்கும் பயனில்லை. மூல எண்களின் அட்டவணையும் கட்டளைக் கோப்பும் இணைப்பாக இருந்தால் இவற்றைக் கேட்க வேண்டியதே இல்லை.

தங்கள் கட்டுரையாளரிடம் அந்த இரு வெளியீடுகளும் இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். அவற்றிலுள்ள எடைப் பத்தியையும் டௌ வர்க்கத்தையும் இடைவெளிக்குப் பயன்பட்ட முறையையும் இரண்டுக்கும் பொதுவான அட்டவணையாகத் தாங்கள் வெளியிட்டால், எந்தப் படியில் விடைகள் பிரிந்தன என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ள முடியும். அதுவரை, மெட்டா பகுப்பாய்வை நம்ப முடியாது என்ற அக்கட்டுரையின் தலைப்பைத் திருத்தக் குறிப்புடன் நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
உயிரிப்புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்